நோயைத் தீர்த்த மருந்தும் நரம்பைத் தொட்ட நஞ்சும்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக வளர்ந்த காலத்தில், எங்கள் லயத்தின் கோடி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பகலில் அவர் மற்றவரைப் போலவே நடப்பார். பொழுது சாய்ந்து இருட்டு கவிந்தால், சுவரைத் தடவிக்கொண்டுதான் அடி எடுத்து வைப்பார். குழாயடிக்குப் போகும் வழியில் இப்படியும் அப்படியுமாகத் தள்ளாடுவார். "தாத்தா இன்னிக்கும் போட்டுட்டாரு" என்று நாங்கள் பிள்ளைகள் கூடிச் சிரிப்போம். கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் அவர் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. இளமையில் சயரோகம் கண்டு, பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு உயிர் மீண்டவர் அவர். அந்த ஊசி அவருடைய நுரையீரலைக் காத்தது. காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பைக் கொண்டுபோயிற்று.

மனிதன் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு ஒன்று, கண் மற்றொன்று, தரையை உணரும் பாதமும் மூட்டுகளும் மூன்றாவது. முதல் துணை போய்விட்டால் மற்ற இரண்டையும் கொண்டு ஒருவாறு சமாளித்து நடக்கலாம். இருட்டில் கண்ணும் கைவிடுகிறது. அப்போது மிஞ்சுவது பாதம் ஒன்றுதான். அந்தப் பெரியவர் சுவரைத் தேடியதற்குக் காரணம் இதுவே. காசநோய் மருந்துகள் இம்மூன்று துணைகளையும் வெவ்வேறு காலங்களில் தொட்டுப் பார்த்தன என்பதே இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் வரலாறு.

ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் கல்விக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்டது. செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். நோபெல் பரிசு 1952-இல் வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது. மாணவர் நீதிமன்றம் சென்றுதான் தம் பங்கை நிலைநாட்ட வேண்டியிருந்தது. அது தனிக்கதை. மேயோ மருத்துவ நிலையத்தில் வில்லியம் பெல்ட்மன், கார்வின் ஹின்ஷா என்னும் இருவர் அம்மருந்தை முதலில் கினிப்பன்றிகளுக்கும் பிறகு மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தனர். காசநோய்க் கிருமியை வெல்ல மனிதன் கையில் கிடைத்த முதல் நல்ல ஆயுதம் அதுதான். ஆயினும் நோயாளர் சிலருக்குத் தலை சுற்றுவதையும் நடை தடுமாறுவதையும் தொடக்கத்திலேயே அவ்விருவரும் கண்டு எழுதிவைத்தனர்.

இங்கிலாந்தில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1947-இல் நடத்திய சோதனை இன்றும் மருத்துவ மாணவர்க்குப் பாடமாக இருக்கிறது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலான முறையில் பிரித்தனர். மருந்து பெற்றவர் 55 பேர். பெறாதவர் 52 பேர். ஆறு மாத முடிவில் முதற் குழுவில் நால்வரும் இரண்டாவதில் பதினால்வரும் இறந்திருந்தனர். இது பெரிய வெற்றிதான். ஆனால் மருந்து பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைசுற்றலுக்கு ஆளாயினர் என்பதையும் 1948-இல் வெளிவந்த அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஐந்தாண்டு கழிந்து கணக்கெடுத்தபோது முதற் குழுவில் 32 பேரும் இரண்டாவதில் 35 பேரும் மாண்டிருந்தனர். தனி மருந்தாகக் கொடுத்ததால் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. காதைக் கொடுத்தும் உயிர் நிலைக்காதவர் அவர்களுள் எத்தனை பேரோ!

சமநிலை உறுப்பு போனவனுடைய வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அறிய 1952-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் தம் பெயரின் தலைப்பெழுத்துகளை மட்டும் இட்டு மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரை உதவும். முழங்கால் மூட்டில் காசநோய் கண்டு அவர் ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டவர். படுக்கையில் படுத்துப் புத்தகம் படிக்கும்போது, தம் நாடித்துடிப்பால் தலை அசைவதே எழுத்துகளை ஆட்டம் காணச் செய்தது என்றும், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது என்றும் அவர் எழுதினார். தெருவில் நடந்தால் எதிரே வருபவர் முகம் தெரியாது, நின்றால்தான் தெரியும். மருத்துவருக்கே இந்நிலை என்றால், தம் துன்பத்தை எழுதத் தெரியாத பால்மரத் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டுமா? அவருக்குக் கிடைத்தது குடிகாரன் என்ற பெயர்.

இக்குறையைப் போக்க வேதியியலார் ஒரு வழி கண்டனர். ஸ்ட்ரெப்டோமைசினோடு ஹைட்ரஜனைச் சேர்த்து டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்தை ஆக்கினர். அது சமநிலையை அவ்வளவாகக் கெடுக்கவில்லை என்று மகிழ்ந்தனர். ஆனால் ஊசியை நிறுத்திய பின்னரும்கூடச் சிலருக்குக் காது கேளாமற்போயிற்று. போன செவி திரும்பவே இல்லை. தள்ளாட்டத்துக்குப் பதில் செவிடு வந்தது. அம்மருந்து மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்போன்ற நுண்ணிய அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை.

1952-இல் ஐசோனயாசிட் வந்தது. உண்மையில் அது பழைய சரக்கு. 1912-இலேயே பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசெப் மாலி என்னும் இருவர் அதை ஆக்கி, அதன் பயன் அறியாமல் வைத்துவிட்டனர். நாற்பதாண்டுக்குப் பிறகு மூன்று மருந்துக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதன் ஆற்றலைக் கண்டன. நுண்ணுயிரிலிருந்து பெறுவதையே ஆன்டிபயோட்டிக் என்று சொல்லவேண்டும் என்பார் இதனை அவ்வகையில் சேர்க்கமாட்டார்கள். இது ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நோயாளிக்கு அந்த வேறுபாடு எதற்கு? ஊசி வேண்டாம், மாத்திரை போதும், விலையும் சொற்பம். நியூயார்க்கில் சீ வியூ மருத்துவமனையில் சாவை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து உணவு கேட்டனர். ஆனால் சில மாதங்களில் வேறொரு குரல் எழுந்தது. பாதத்தில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்றார்கள்.

கால் எரிச்சலும் மரமரப்பும் மலாயாவுக்குப் புதியவை அல்ல. இங்கே சற்று விலகிச் சென்று ஒரு பழைய செய்தியைக் கூறவேண்டும். தமிழர் பெருமிதத்தோடு நினைக்கத்தக்க செய்தி அது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நரம்பு நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளரை அது வாரிக்கொண்டுபோக, தோட்டத் தமிழரை ஏறக்குறைய விட்டுவைத்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராட்டன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெச்சர் 1905-இல் தொடங்கி விடுதியினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோயும் சாவும் பெருகின. புழுங்கலரிசிப் பிரிவில் நோயோடு வந்து சேர்ந்தவரைத் தவிர யாரும் நோய்ப்படவில்லை. 1909-இல் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் சாலைத் தொழிலாளரிடத்தில் இதனையே மீண்டும் உறுதிசெய்தனர். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அச்சத்துக்குப் பின்னர் பி1 வைட்டமின் என்று பெயர் வந்தது. நரம்பு நோய்க்கு உணவுக் குறையே காரணமாகலாம் என்ற எண்ணம் இம்மண்ணிலேயே நன்கு வேரூன்றியிருந்தது.

ஆகவே ஐசோனயாசிட் உண்டவரின் காலெரிச்சலுக்கும் வைட்டமின் குறைவே காரணமாகலாம் என்று மருத்துவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் குற்றவாளி பி1 அன்று, பி6. பீல், வில்டர் என்னும் இரு அமெரிக்க மருத்துவர் 1954-இல் இதை விளக்கினர். பைரிடாக்சின் எனப்படும் அந்த பி6 வைட்டமினை ஐசோனயாசிட் பற்றிப் பிணைத்துக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேறிவிடுகிறது. நரம்பு பட்டினி கிடக்கிறது. நீளமான நரம்பே முதலில் வாடும். ஆதலால்தான் நோய் பாதத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பாலும் இறைச்சியும் உண்பவனுக்கே இந்தக் கதி என்றால், அரைவயிற்றுச் சோறுண்ணும் ஏழைத் தமிழனுக்கு என்ன ஆகும்? இக்கேள்விக்கு விடை சென்னையில் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் பாக்ஸ் அதை முன்னின்று நடத்தினார். ஆய்வாளர் பெரும்பாலோர் நம்மவர்.

அவர்கள் முதலில் கேட்ட கேள்வி எளியது: காசநோயாளியைச் சானடோரியத்தில் கிடத்தினால்தான் குணமாகுமா, அல்லது குடிசையில் இருந்தபடியே மருந்துண்டாலும் குணமாகுமா? நகரத்து நெருக்கமான சேரிகளில் வாழ்ந்த நோயாளிகளை இரு குழுவாக்கினர். இரு குழுவுக்கும் ஓராண்டு ஐசோனயாசிட்டும், வயிற்றைக் குமட்டும் பாஸ் என்ற மருந்தும் தந்தனர். சானடோரியத்தில் இருந்தவர் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். வீட்டில் இருந்தவர் பழைய வறுமையிலேயே உழைத்துக்கொண்டிருந்தனர். முடிவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலுள்ளோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. 1959-இல் வெளிவந்த இவ்வாய்வு உலகெங்கும் சானடோரியங்களின் கதவைச் சாத்தத் தொடங்கியது. மலேயா 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது உலகில் வீசிய காற்று இதுவே. கோலாலம்பூரில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை போன்றவற்றில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த காலம் மெல்ல மறைந்து, வீட்டிலிருந்து மருந்துண்ணும் காலம் வந்தது.

சென்னை நிலையத்தின் இப்புகழை எல்லாரும் அறிவர். அடுத்துச் செய்ததைத்தான் பலர் அறியார். பாஸ் மருந்து விலை மிகுந்தது, உண்ணக் கடினமானது. ஐசோனயாசிட்டை மட்டுமே, சற்றுக் கூடுதல் அளவில், தனியாகக் கொடுத்தால் என்ன என்று சோதித்தனர். ஏழை நாட்டுக்கு ஏற்ற கணக்கு அது. ஆனால் கூடுதல் அளவு பெற்றவர்களிடையே நரம்பு நோய் தோன்றியது. தேவதத்தாவும் அவருடைய தோழர்களும் 1960-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதை ஒளிக்காமல் எழுதினர். தாம் கொடுத்த மருந்தின் அளவே தம் நோயாளியின் காலை எரித்தது என்று தாமே எழுதுவது எளிதன்று. நோயாளி சொல்லக் கேட்டதோடு நில்லாமல், அவனுடைய பாதத்தின் உணர்ச்சியையும் கணுக்காலின் துள்ளலையும் சோதித்துக் குறித்து வைத்தனர். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் "வெயிலில் செருப்பில்லாமல் நடந்ததால் எரிகிறது" என்று அதைத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

அவ்வாய்வில் வெளிப்பட்ட உண்மைகளில் ஒன்று மிக ஆழமானது. ஒரே அளவு மருந்து உண்டவர்களில் சிலருக்கு மட்டுமே நரம்பு கெட்டது. அவர்கள் யார்? ஐசோனயாசிட்டை நம் கல்லீரல் ஒரு வேதிச் செயலால் செயலற்றதாக்கி வெளியேற்றுகிறது. இவ்வேலையைச் சிலர் உடம்பு விரைவாகச் செய்யும். சிலர் உடம்பு மெதுவாகச் செய்யும். மெதுவானவர் இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்கும். காலெரிச்சல் கண்டவரில் பெரும்பாலோர் இந்த மெதுவானவர்களே. வேடிக்கை என்னவென்றால், தனி ஐசோனயாசிட் சிகிச்சையில் நோய் ஓரளவு நன்றாகக் குணமானதும் இவர்களுக்குத்தான். கிருமியை நெடுநேரம் வருத்திய மருந்து நரம்பையும் நெடுநேரம் வருத்தியது. இது பிறப்பிலேயே வரும் குணம் என்று அமெரிக்காவில் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் அதே 1960-இல் நிறுவினர்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்ற நம் பழமொழியை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். அளவு ஒன்றுதான், ஒருவனுக்கு அமுதம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு நஞ்சு. அளவு எது என்பதைப் பாத்திரமே தீர்மானிக்கிறது.

ஜொகூரில் வாழும் நமக்கு இது வெறும் சென்னைச் செய்தி அன்று. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான உடம்பினர் என்று சென்னையிலேயே கங்காதரமும் பிறரும் கண்டனர். ஜப்பானியரிடம் இத்தகையோர் பத்தில் ஒருவர் அளவினரே, சீனரிடமும் குறைவு, மலாய்க்காரர் இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்கின்றனர். ஜொகூர் பாருவிலோ சிகாமட்டிலோ மூவினத்தாரும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து ஒரே மாத்திரையை விழுங்கும்போது, காலெரிச்சல் வரக்கூடிய வாய்ப்பு தமிழனுக்கே மிகுதி. இதனை இனத்தின் குறை என்று யாரும் கொள்ளலாகாது. கண்ணின் நிறம் போல, இரத்த வகை போல, இதுவும் ஓர் உடற்கூறு. அறியாமல் இருப்பதுதான் குறை.

மேலும் சில காரணங்கள் நம் பக்கத்தில் கூடி நின்றன. கள்ளும் சம்சுவும் பி6 சத்தைக் குறைத்து நரம்பைத் தாமாகவே வாட்டும். நீரிழிவும் காலெரிச்சலைத் தரும். இன்று மலேசிய இந்தியரிடையே அந்நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நம் குடும்பங்களே சொல்லும். காசநோயும் நீரிழிவும் ஒருங்கே கொண்டவரின் உள்ளங்கால் எரிந்தால், அது சர்க்கரையின் வேலையா மாத்திரையின் வேலையா என்று பிரித்தறிவது எளிதன்று. "சுகர் இருந்தா கால் எரியத்தான் செய்யும்" என்று வீட்டார் சொல்லிவிடுவதால் மருந்தின் தீங்கு மறைந்தே போவதும் உண்டு.

சென்னை நிலையத்தார் நோயைக் கண்டு எழுதியதோடு விடவில்லை, பரிகாரத்தையும் தேடினர். 1963-இல் இரு கட்டுரைகளில் அதன் முடிவை வெளியிட்டனர். உயர்ந்த அளவு ஐசோனயாசிட் உண்பவருக்கு நாள்தோறும் வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தாலே நரம்பு நோய் வராமல் தடுக்கலாம் என்று கண்டனர். அரிசிக்குருணை அளவும் இல்லாத சத்து! அதன் விலையும் மிக அற்பம். பெருமருந்தின் தீங்கைச் சிறுமருந்து தடுக்கும் என்பதை, விலையுயர்ந்த கருவி ஒன்றுமின்றி, ஏழை நோயாளரிடையே ஒழுங்காகக் கணக்கெடுத்தே நிறுவினர். இன்றும் ஐசோனயாசிட் உண்பவரில் கர்ப்பிணிகள், குடிப்பழக்கம் உடையோர், நீரிழிவுக்காரர், சத்துக் குறைந்தோர் முதலியோருக்கு பி6 மாத்திரை சேர்த்துத் தருவது உலக வழக்கம்.

அந்நிலையத்தார் 1964-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு ஊசியைப் பற்றியது. ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோனயாசிட்டையும் தினந்தோறும் அல்லாமல் வாரம் இருமுறை மட்டும், நிலையத்தாரின் கண்முன்னே கொடுத்துப் பார்த்தனர். நோயும் தீர்ந்தது, உடம்பில் ஏறும் மருந்தின் மொத்த அளவும் குறைந்தது. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்று நான்காகப் பகுத்தார் அல்லவா? அந்நான்காமவனுக்கு நவீன மருத்துவத்தில் இடம் ஏற்பட்டது ஏறத்தாழ இங்கேதான். மருந்தை விழுங்குவதைப் பார்ப்பவன், "கால் எரிகிறதா, காதில் இரைச்சல் உண்டா" என்று கேட்கவும் கூடியவன். எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் அப்படிக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் பெரியவர் 'சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும்' என்று வாய் திறந்திருக்கமாட்டார். இருமலுக்கு அஞ்சியவன் இரைச்சலைப் பொறுப்பான். அதற்கு மாறாகத் தலைசுற்றலுக்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்தி, கிருமி மருந்துக்கு அடங்காமற்போய் மாண்டவர்களும் உண்டு. இரு அச்சமும் ஒரே மௌனத்தில் பிறந்தவை.

ஒரே ஊசி சிலர் செவியை மட்டும் அழிப்பதற்கும் பிறப்பில் காரணம் உண்டு என்பது 1993-இல் வெளிப்பட்டது. தாய்வழியாக மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் ஒரு சிறு மரபு மாற்றம் உடையவர்கள், ஸ்ட்ரெப்டோமைசின் இனத்து மருந்துகளைச் சிறிதளவு பெற்றாலும் செவிடாகக்கூடும். ஒரு குடும்பத்தில் தாய்க்கும் தாய்மாமனுக்கும் ஊசிக்குப் பின் காது போயிருந்தால், அச்செய்தியை மருத்துவரிடம் சொல்வது பிள்ளையின் செவியைக் காக்கும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின், காப்ரியோமைசின் என்னும் ஊசிகள் இனி வேண்டாம் என்று அறிவித்தது. எழுபதாண்டுக்கு மேல் மனிதச் செவியை விலையாக வாங்கிய ஊசிமுறை இவ்வாறு பின்னுக்குச் சென்றது.

ஊசிக்குப் பதிலாக வந்த மாத்திரைகளுள் ஒன்று லினசோலிட். அடங்காத காசநோயை ஆறு மாதத்தில் அடக்கும் புதிய கூட்டு மருந்தில் அதுவும் ஓர் உறுப்பு. ஆனால் 2020-இல் வெளியான தென்னாப்பிரிக்கச் சோதனையில் அதனை உண்டவர்களில் நூற்றுக்கு 81 பேருக்குக் கால் நரம்பு பாதிக்கப்பட்டது. சிலருக்குக் கண் நரம்பும் கெட்டது. காது தப்பியது, பாதமும் கண்ணும் மாட்டிக்கொண்டன. சென்னைச் சேத்துப்பட்டில் அந்தப் பழைய நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு, லினசோலிட் சேர்ந்த கூட்டு மருந்துகளைச் சோதித்து, மீண்டும் நோயாளரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் குறித்து வருகிறது. இம்முறை 6 மில்லிகிராம் பி6 கைகொடுக்கவில்லை. லினசோலிட் வைட்டமினைத் திருடுவதில்லை. நரம்பு அணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பின் வேலையையே தடுக்கிறது. ஆகவே முதலில் 1200 மில்லிகிராமாக இருந்த நாளளவை 600 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதிலும் எரிச்சல் தொடங்கினால் மேலும் குறைக்கிறார்கள், அல்லது நிறுத்துகிறார்கள். நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் அது எப்போது தொடங்கிற்று என்பது தெரிகிறது.